பொன்டியாக்கின் பின் பிரேக்

நம் பழைய கார்க் கராஜின் உதிரிப்பாக மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் உருப்படியாக ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்று முதலாளி அண்ணை சொல்லியிருக்கிறார். எனக்கு வயது முப்பத்தொன்று. அனுபவம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிற வயதில்லை. ஆனால் அந்த மேசையில் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து பழைய கார்களுக்கு மதிப்புப் போடும் வேலைக்குப் போகிறேன். போகிறவள் ஒரு உண்மையையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எந்தப் பாகத்தை எந்தப் பட்டியலில் தேடுவது, எல்லையில் எந்தப் படிவத்தை நிரப்புவது என்பதெல்லாம் கணினியில் இருக்கிறது. கெட்டிக்காரர்கள், அரை நாளில் படித்துவிடுவீர்கள். நான் எழுதப்போவது சந்தேகத்தைப் பற்றி. நம் தொழிலுக்கு அதுதான் மூலதனம். அதை யார் மேல் வைப்பது, யார் மேல் வைக்க மறந்துவிடுவோம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நான் கற்றுக்கொண்ட விதமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

அறுபது வயதான அமெரிக்கக் கார் ஒன்று நம் வாசலுக்கு வரும்போது அதோடு நாலைந்து பழைய உரிமையாளர்களின் பொய்களும் ஏறி வருகின்றன. பிறந்த நாளிலிருந்து இதே எஞ்சின்தான் என்பார்கள். எண் பொறித்த இடத்தை விரலால் தடவினால் அரம் போட்ட தடம் கையில் தட்டுப்படும். துருவே இல்லை என்பார்கள். கதவின் கீழ்ப்பாதியில் காந்தம் ஒட்டாது. அங்கே இரும்பு போய்ப் பல காலம், இருப்பது பூச்சு. பாகம் விற்கிறவர்கள் இவர்களுக்கு அண்ணன்மார்.

சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு கார்புரேட்டருக்காக மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூவரும் மூன்று ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று படங்களிலும் பின்னால் ஒரே யன்னல்சீலை, அதில் ஒரே மஞ்சள் பூ. அன்றிலிருந்து யாரிடம் வாங்கினாலும், பாகத்தின் மேல் ஒரு முள்ளுக்கரண்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்பேன். பொருள் கையில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். இல்லாதவருக்குக் கோபம் வரும். இந்தப் பழக்கத்தை நீங்களும் விடாதீர்கள். எனக்கு இது ஒருமுறையும் பிசகியதில்லை.

முதலாளி அண்ணையின் கட்டளைகள் வேறு இருந்தன. காரின் உள்ளே அதன் பிறப்பு விவரம் பொறித்திருக்கும் தகடுகளையும் எண்களையும் வெளியாள் ஒருவருக்கும் காட்டக் கூடாது. ரொறன்ரோவில் இப்போது வீட்டு வாசலில் நிற்கும் கார் விடியும்போது நிற்பதில்லை. திருடிய காருக்கு நல்ல காரின் எண்ணை ஒட்டி விற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு, நம்மிடம் நிற்கும் கார் இன்னதென்று விற்பவனுக்குச் சொல்லக் கூடாது. அரிய கார் என்று தெரிந்தால் விலை ஏறும். அவசரம் என்று தெரிந்தால் இன்னும் ஏறும்.

எனக்கு இந்த இரண்டும் நன்றாகப் பிடித்துப்போயிற்று. பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, நாள் முழுவதும் திரையைப் பார்க்கும் வேலை ஒன்றை எட்டே மாதத்தில் உதறிவிட்டு வந்தவள் நான். இங்கே ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் ஒரு துப்பறியும் வேலை மாதிரி இருந்தது. யாரையும் நம்பாதவள் என்று பெயர் எடுத்தேன். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருந்தவளிடம்தான் வசந்தி அன்ரியின் கார் வந்தது. இரண்டாவது வருடம், ஆவணி மாதம். முதலாளி அண்ணை நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். கராஜில் நானும் மெக்கானிக் ரமணனும் மட்டும். ரமணனுக்கும் என் வயதுதான். அவன் பேசுவதே குறைவு. பேசினால் அளந்து பேசுவான்.

வசந்தி அன்ரி ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வேலையை விட்டதும், மேல்மூடி திறக்கும் வெள்ளைப் பொன்டியாக் ஒன்றை வாங்கினார். அறுபத்தைந்தாம் ஆண்டுக் கார், மொடல் பரிசியன். அதில் மணமக்களை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய புதிய தொழில். பட்டுச்சேலையும் கட்டி, காலுக்கு ஓடுகிற சப்பாத்தும் போட்டுக்கொண்டு தானே ஓட்டுவார்.

“பிள்ளை, பிரேக் பிடிக்கேக்கை பின்னுக்கு ஒரு சத்தம். கறகறக்குது.”

“எவ்வளவு காலமா அன்ரி?”

“மூண்டு கல்யாணமா.”

ரமணன் பின்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் ட்ரம்மில் நீளமாக ஒரு வெடிப்பு. ட்ரம் என்பது சக்கரத்துக்குப் பின்னால், இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும் உறை. அச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஆணிகள் அதன் ஐந்து துளைகளுக்குள்ளால் வெளியே வரும். அவற்றின் மேல்தான் சக்கரத்தைப் பூட்டுவது. வெடித்த ட்ரம்மோடு ஓடினால் ஒருநாள் பிரேக்கை மிதிக்கும்போது அது துண்டாகும்.

“இதோட இனி ஓடேலாது அன்ரி,” என்றான்.

“ஓடேலாதெண்டால் ஓடேல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை எனக்குக் கார் வேணும்.”

அன்று வியாழன். ஒன்பது நாள் இருந்தது. மணவறை அலங்காரம் செய்யும் ஒருவர் இலையுதிர்காலம் வரை எல்லாக் கல்யாணங்களுக்கும் அன்ரியையே அழைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் அதில் முதலாவது.

“ஒருக்கால் நான் போகேல்லை எண்டால் அடுத்த ரெலிபோன் கோல் லிமோசின்காரனுக்கு. பிறகு நானும் என்ர காரும் வீட்டு ட்ரைவ்வேயில நிண்டு ஆளையாள் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.”

“நான் எடுத்துத் தாறன் அன்ரி,” என்றேன்.

அமெரிக்கப் பட்டியலில் ஆண்டைப் போட்டேன், பொன்டியாக் என்று போட்டேன், ட்ரம்மின் எண் வந்தது. வெடித்த ட்ரம்மின் விட்டத்தை அளந்தேன். பதினொரு அங்குலம், பட்டியலிலும் பதினொரு அங்குலம். அந்த எண்ணைத் தேடினால் ஒஷாவாவில் ஒரே ஒரு பெண்ணிடம் இருந்தது. பெட்டியே பிரிக்காத பழைய ட்ரம். அப்பா ஒஷாவாக் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர், பாகங்களாக வாங்கி நிலவறையை நிரப்பிவிட்டார், இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார், நான் ஒவ்வொன்றாக விற்கிறேன் என்று எழுதியிருந்தாள். அப்பாவின் நிலவறை என்று கதை சொல்லாத விற்பனையாளரை நான் அதுவரை கண்டதில்லை. முள்ளுக்கரண்டிப் படம் கேட்டேன். இரண்டு முள்ளுக்கரண்டி வைத்து அனுப்பினாள். ஒன்று போதாவிட்டால் என்று கீழே எழுதியிருந்தாள்.

நக்கல் அடிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்து அவள் கேட்டது அதைவிட உறுத்தியது. உங்கள் காரின் மொடல் என்ன, எந்தத் தொழிற்சாலையில் செய்தது, பொனட்டுக்குக் கீழே இருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்புவீர்களா.

ஒரு ட்ரம் விற்க எதற்குத் தகடு? எனக்குள் இருந்த துப்பறிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தகடு தர முடியாது, மொடல் உங்களுக்குத் தேவையில்லை, அறுபத்தைந்தாம் ஆண்டுப் பெரிய பொன்டியாக், எண் எனக்குத் தெரியும், விற்கிறீர்களா இல்லையா என்று எழுதினேன். பதில் வர ஒரு நாள் எடுத்தது. சரி, உங்கள் விருப்பம், ஆனால் பெட்டியில் உள்ள எண்ணுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. அந்தப் பொறுப்பு என்ற சொல்லின் கீழே மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. எண் சரி. ரமணன் ட்ரம்மைத் தூக்கி ஆணிகளுக்கு நேரே பிடித்தான். ஏறவில்லை. திருப்பிப் பிடித்தான். ஏறவில்லை. ஆணி ஐந்து, துளையும் ஐந்து. ஆனால் ஒவ்வொரு துளையும் ஆணியிலிருந்து சற்றே வெளியே தள்ளி நின்றது. அளந்து பார்த்தால் எட்டில் ஒரு அங்குலம்.

“இது வேற காரின்ர,” என்றான் ரமணன்.

“பெட்டி சரியான பெட்டி.”

“நான் பெட்டியைப் பூட்டேல்லை.”

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. சரியான பெட்டிக்குள் வேறு ட்ரம்மை வைத்து அனுப்பியிருக்கிறாள். அதனால்தான் பெட்டியின் எண்ணுக்கு மட்டும் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறாள். தகட்டைக் கேட்டதும் வேறு ஏதோ களவுக்கு. மூன்று புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தேன். கோடு நேராக இருந்தது. பிழையான கோடும் நேராக இருக்கும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அன்று மாலையே பழைய கார்க்காரர்களின் இணையக் குழுவில் அவளுடைய விற்பனைப் பெயரைப் போட்டு எழுதினேன். பெட்டியில் ஒன்று, உள்ளே இன்னொன்று, ஒஷாவாக்காரியிடம் கவனம். நம் தொழிலில் ஒருவருடைய பெயர் போவதற்கு அவ்வளவு போதும். ஒரு மணி நேரத்துக்குள் நன்றி என்று இருபது பேர் எழுதினார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் எதையும் வாங்கியதில்லை.

முதலாளி அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். வட்சப்பில் தினமும் தேர், காவடி என்று படம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு ட்ரம் எடுக்கத் தெரியவில்லை என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று, அவரையும் சந்தேகப்பட்டேன். படத்துக்கெல்லாம் கைகூப்பும் குறி போட்டு அனுப்பினேன்.

புதன்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். வேறு எங்கும் அந்த எண் இல்லை. அன்ரி இரண்டு முறை தொலைபேசி எடுத்துவிட்டார்.

ரமணன் ட்ரம்மை மேசையில் வைத்துக்கொண்டு சொன்னான். “துளையளை உள்பக்கமாப் பெருப்பிச்சால் ஏறும்.”

“ஏறினாப் பிறகு?”

“ஏறும் எண்டு மட்டும்தான் சொன்னனான்.”

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்து வாசியுங்கள். துளையை நீட்டினால் ட்ரம் நடுவில் நிற்காது. சுற்றும்போது பிரேக் ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் விடும். அதிர்வில் சக்கர நட்டுகள் தளரலாம். இது எனக்குத் தெரியும். நாலு வருடம் படித்ததே இதைத்தான். ஆனாலும் மனம் கணக்குப் போட்டது. கல்யாணக் கார் மெதுவாகத்தான் ஓடும். ஆறேழு கிலோமீற்றர். சனிக்கிழமை ஒருநாள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடலாம்.

அத்தனை நாளும் ஒஷாவாவில் இருக்கும் முகம் தெரியாத பெண்ணின் ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தவள், என் தலைக்குள்ளேயே ஓடிய இந்த நாலு வசனங்களை ஒருமுறைகூட உரசிப் பார்க்கவில்லை. சந்தேகத்தில் பழகியவர்களுக்கு வரும் நோய் இது. வெளியே இருப்பவர்கள் மேல் அதைச் செலவழித்துச் செலவழித்து, உள்ளே பார்க்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

“பெருப்பி,” என்றேன்.

ரமணன் என்னைப் பார்த்தான். “நீ சொல்லுறாய்.”

“ஓம். நான்தான் சொல்லுறன்.”

அன்று இரண்டு துளைகளை நீட்டினான். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தான் என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது. கேட்டால் இன்றுவரை இல்லையென்கிறான்.

வியாழன் காலை வசந்தி அன்ரி எங்களுக்குச் சாப்பிட ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு வந்தார். கார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வந்தது, ரோல்ஸ் சாட்டு. ட்ரம்மின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, நாளைக்கு முடிந்துவிடும் அன்ரி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு நீலநிற வான் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள். கையில் ஒரு தாள். என் இணையப் பதிவை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். நாம் கொடுத்த அனுப்பும் முகவரியை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“இதை எழுதியது யார்?”

“நான்.”

“செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று பேர் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. என் ட்ரம் எங்கே?”

நான் துணி போட்ட மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அப்போதும் என் மூளை என்ன செய்தது தெரியுமா? மாற்றி வைத்த ட்ரம்மைத் திருப்பி எடுக்க வந்திருக்கிறாள், சாட்சியத்தை விடக் கூடாது என்று யோசித்தது.

“முதலில் காரின் தகட்டைக் காட்டு,” என்றாள்.

“வாடிக்கையாளரின் காரின் எண்ணைக் காட்ட முடியாது.”

“அவ என்னடி கேக்கிறா?” என்றார் அன்ரி.

“உங்கட காரின்ர தகடு அன்ரி. நீங்கள் பேசாமல் இருங்கோ.”

“என்ர கார். என்ர தகடு. நான் ஏன் பேசாமல் இருக்கிறது?” அன்ரி பொனட்டைத் திறந்து, பஸ் ஓட்டியவர்களின் ஆங்கிலத்தில் அவளை அழைத்தார். “கம், கம். லுக்.”

அந்தப் பெண் குனிந்து வாசித்தாள். பிறகு காரைச் சுற்றிப் பின்பக்கம் போய், பரிசியன் என்று எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் குறைந்திருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“இது எங்கள் ஊரில் செய்த கார். ஒஷாவா. அந்தக் காலத்தில் கனடாவில் செய்த பொன்டியாக்குகளுக்கு மேலே உடம்பு பொன்டியாக், கீழே செவர்லே. அச்சு, பிரேக் எல்லாம் செவர்லே. நீ வாங்கியது அமெரிக்கப் பொன்டியாக்கின் ட்ரம். அதைத்தான் நீ கேட்டாய்.” கொஞ்சம் நிறுத்தினாள். “எனக்குக் காரைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பொன்டியாக் பாகம் ஒன்றையும் விற்காதே என்று அப்பா எழுதித் தந்திருக்கிறார். கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. சொல்லாத ஆளுக்கு நான் விற்றிருக்கக் கூடாது. என் பிழை அவ்வளவுதான்.”

காசைத் திருப்பித் தராமல் இருக்க ஒரு கதை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். அதற்குள் ரமணன் பக்கத்துப் பகுதிக்குப் போய்விட்டான். அங்கே அறுபத்தைந்தாம் ஆண்டுச் செவர்லே இம்பாலா ஒன்று, இருக்கைகள் தைப்பதற்காக ஒரு மாதமாக நின்றது. அதன் பின் ட்ரம்மைக் கழற்றிக் கொண்டுவந்து பொன்டியாக்கின் ஐந்து ஆணிகளுக்கு நேரே பிடித்தான். சட்டிக்கு மூடி போடுவது போல ஏறி உட்கார்ந்தது.

செவர்லே ட்ரம் என்றால் மார்க்கம் நகரில் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஒரு வாரமாக நான் நாடு முழுவதும் தேடிய சாமானின் அச்சு அசல், மேசையிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் நின்றிருக்கிறது. பொனட்டுக்குக் கீழே இருந்த அந்தத் தகட்டை முதல் நாளே நான் துணியால் துடைத்துமிருக்கிறேன். மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று காவல் காத்தேனே தவிர, நான் அதை வாசிக்கவில்லை.

ஒஷாவாப் பெண் மேசைக்கு வந்து துணியைத் தூக்கினாள். நீட்டிய இரண்டு துளைகளையும் பார்த்தாள். கேட்டது அன்ரி.

“ரமணன், உந்த ரெண்டு ஓட்டையும் ஏன் நீளமாக் கிடக்குது?”

ரமணன் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் எனக்கு மூன்று பொய்கள் வந்தன. மூன்றும் நல்ல பொய்கள். வந்ததே அப்படித்தான் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கும். ஏற்கெனவே அவளைப் பற்றி ஊருக்கே எழுதியிருந்தேன், எல்லோரும் நம்பியிருப்பார்கள். அன்ரி நம்பியிருப்பார்.

“நான்தான் அன்ரி செய்யச் சொன்னனான். ஓட்டையைப் பெருப்பிச்சு உங்கட காருக்குப் பூட்ட இருந்தனாங்கள்.”

“பூட்டினால் நல்லா இருக்குமோ?”

“இராது.”

“எனக்குச் சொல்லிப்போட்டோ பூட்ட இருந்தனீங்கள்?”

“இல்லை அன்ரி.”

அன்ரி ரோல்ஸ் பெட்டியின் மூடியை மெதுவாக மூடினார். “இருபத்திரண்டு வருசம் ஊராற்ற பிள்ளையளை ஏத்தி இறக்கினனான். ஒவ்வொரு நாளும் விடிய பிரேக்கை மிதிச்சுப் பாக்காமல் பஸ்ஸை எடுத்ததில்லை. இஞ்ச கொண்டந்து விட்டாப் பிறகு பாக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன்.”

இதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஒஷாவாப் பெண்ணுக்கு எங்கள் உரையாடல் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் என்ன நடந்தது என்று விளங்கியிருந்தது. கையிலிருந்த தாளை ட்ரம்மின் மேல் வைத்தாள். “ட்ரம்மை நீயே வைத்துக்கொள். இனி அது ஒரு காருக்கும் ஆகாது. இதை மட்டும் சரிசெய்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே சரிசெய்தேன். பழைய பதிவை அழிக்கவில்லை. அழித்தால் வாசித்தவர்களின் மனதில் இருப்பது அப்படியே இருக்கும். அதன் மேலேயே எழுதினேன். ட்ரம் சரி, பெட்டி சரி, அவர் கேட்ட கேள்வி சரி, பிழை என்னுடையது, கனடாப் பொன்டியாக்குக்கு அமெரிக்கப் பாகம் கேட்டவள் நான். என் பெயரையும் கராஜின் பெயரையும் போட்டேன். முதல் பதிவுக்கு நன்றி சொன்ன இருபது பேரில் இரண்டாவதுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். நல்ல பெயர் திரும்பி வருகிற வேகம் அவ்வளவுதான். அந்தப் பெண் இன்றுவரை நமக்கு ஒரு திருகாணிகூட விற்றதில்லை. அவளுடைய அப்பாவின் நிலவறையில் இருந்த சாமான்கள் பல, பிறகு நமக்கு வெகுவாகத் தேவைப்பட்டன. வேறு ஆட்கள் மூலம் சுற்றிவளைத்து வாங்கினோம். நீங்களும் அப்படித்தான் வாங்கப்போகிறீர்கள். அது நான் உங்களுக்கு விட்டுப்போகும் சொத்து.

முதலாளி அண்ணைக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பின்னால் மேளச்சத்தம். முழுவதையும் கேட்டார். “கனடாப் பொன்டியாக்குக்குச் செவர்லே ட்ரம்தானோ எண்டு என்னை ஒரு வசனம் கேட்டிருக்கலாமே,” என்றார். “ஓம் அண்ணை,” என்றேன். “ஏன் கேக்கேல்லை?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் மேளச்சத்தத்துக்கு மேலால் கத்திச் சொல்கிற பதிலாக அது இல்லை.

வெள்ளிக்கிழமை புதுச் செவர்லே ட்ரம்கள் இரண்டு வந்தன. ரமணன் பூட்டினான். நான் ஒவ்வொன்றையும் அளந்தேன், அவன் அளந்ததைத் திரும்பவும் அளந்தேன், அவன் என்னைத் திட்டும்வரை அளந்தேன். பின்னேரம் அன்ரி வந்து கார்த் திறப்பை வாங்கினார். பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்தார். ஸ்டீல்ஸ் வீதி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார்.

“நல்லாப் பிடிக்குது.”

“ஓம் அன்ரி.”

“நாளைக்குச் சீலை ஒண்டு கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வா. முன் சீற்றில நீ இருப்பாய்.”

மறுக்க இடமில்லை. சேலை கட்டத் தெரியாமல் யூடியூப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டு முடிந்து, படங்களெல்லாம் எடுத்து முடிந்து, மணமக்களை மண்டபத்திலிருந்து மில்லிக்கனில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மேல்மூடி திறந்திருந்தது. பின் இருக்கையில் இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கொஞ்ச தூரம் போனதும் பெண் மாப்பிள்ளையிடம் குனிந்து கேட்டது என் காதில் விழுந்தது.

“முன்னுக்கு இருக்கிற அக்கா உங்கட சைட்டா?”

“நோ, உங்கட சைட் எண்டு நினைச்சன்.”

அன்ரி கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் இல்லை மகள். அவ பின் பிரேக்கின்ர பக்கம்.”

அவர்கள் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்திருப்பார்கள். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பஸ். அன்ரி மிதித்தார். கார் ஒரு பக்கமும் இழுக்காமல், சத்தமில்லாமல், பூப்போல நின்றது. அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

“எடி, அந்தப் பக்கத்தில பிரேக் இல்லை. காலை எடு.”

குனிந்து பார்த்தேன். சேலைக்குக் கீழே என் வலது கால் தரையைத் துளைப்பது போல ஊன்றிக்கொண்டிருந்தது. எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் ஏழு சிக்னல்கள் இருந்தன.